அதிகம் போகும் இடங்கள்

சிங்கப்பூர்க் கப்பலில் சமையல் பார்க்கும் அபுல்காசிம்
ஊறுகாய்ப் பாட்டிலுக்கும் சவரக் கத்திக்கும் நடுவே
பென்டிரைவில் கொண்டுவந்தான் அந்த உலாவியை.
இங்கே இறக்கியிருந்தால்
ஒரு ராத்திரியும் அரை டின் டீசலும் போயிருக்கும்,
தொண்ணூற்றெட்டு சதவீதத்தில் ஜெனரேட்டர் இருமியிருக்கும்.
“போன வாரம்தான் வெளியிட்டாங்க. சூடு ஆறல” என்றான்,
பரோட்டாவைச் சொல்வதுபோல.

ஏழாம் மேசையில் ஏற்றினேன்.
விசிறிக் காற்று எட்டாத மேசை, ஆகவே என்னுடையது.

முதலில் தோன்றியது: ஏதோ விட்டுப்போயிருக்கிறது.
மேலே பட்டியல் இல்லை. பொத்தான்கள் நாலைந்து.
முன்பணம் கொடுக்குமுன் பார்க்கப் போன வீடு மாதிரி
வெளிர்நீலச் சுவர், நீளமாய் ஒரே ஒரு கட்டம்.
முகவரியும் அதில்தான், தேடலும் அதில்தான்.
எங்கே போகணும், என்ன வேணும்
இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டு முடிக்கும்
பஸ் கண்டக்டர்.

வேகமா என்று சாகுல் அண்ணன் கேட்டார்.
மொகல் தெருவில் வேகம் உலாவியின் குணமல்ல அண்ணே,
பிற்பகல் மூன்று மணியின் குணம்.
ஆனால் ஒன்று.
காத்திருக்கும்போது ஓரத்தில் ஒரு சின்ன வளையம் சுற்றுகிறது,
எதிர்முனை எடுக்கும்வரை இடமாக,
எடுத்துவிட்டால் வலமாக.
காத்திருப்பில் இரண்டு வகை உண்டென்று
தெரிந்த யாரோ எழுதியது.

தமிழ் காட்டச் சொன்னேன்.
கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம்,
இடையில் புள்ளிகளாலான வெறும் வட்டம்.
பர்மியமோ முழுக்கப் பெட்டி பெட்டியாக வந்தது,
துறைமுகத்தில் இறக்கிவைத்து
எவரும் கேட்டு வராத சரக்கு.

மூன்று நாள் கூட்டம் நெரிந்ததில்
ஏழிலும் ஆட்களை உட்காரவைத்தேன்.
நாலாம் நாள் காலை, கடை திறந்து,
அதைத் திறந்தால்
நீங்கள் அதிகம் போகும் இடங்கள் என்று
ஒன்பது குட்டிப் படங்கள்.
ஒன்று கப்பல் வேலை. ஒன்று தாய்லாந்து லாட்டரி.
ஒன்று மாப்பிள்ளை தேடும் பக்கம்
(அது சாகுல் அண்ணன், மூத்தவளுக்காக).
மீதி ஆறும் ஒரே வெள்ளைத்தாள், ஒரே கறுப்பு வரி:
அனுமதி இல்லை.

கிண்டல் அல்ல. எண்ணிப் பார்த்துச் சொல்கிறது,
விருந்தாளி முன்னால்
மீனின் விலையைச் சொல்லிவிடும் குழந்தைபோல.

அன்று மாலை தனபாக்கியம் வந்தாள்.
கோயிலில் தனபாக்கியம், அடையாள அட்டையில் மா தந்தா.
புருஷன் மலேசியாவில், கையுறைத் தொழிற்சாலையில்.
அவளுக்காக அந்த இன்னொரு ஜன்னலைத் திறந்தேன்.
மூலையில் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாய் ஓர் ஆள்.
அசப்பில் அப்படியே ஒருவர்
எதிர்க் கடையில் தினமும் ஒரு டீயை
இரண்டு மணிநேரம் குடிக்கிறார்.

“இதுல பாக்கிறது எதுவும் ஞாபகம் வெச்சுக்காதாம்” என்றேன்.
“எதுவுமா?”
“ஜன்னலை மூடினதும் மறந்துடும்.”
நகத்தால் மேசையைச் சுரண்டினாள்.
“மறக்கிறதுக்குத்தான் அவரு இருக்காரே.
நீ பழசையே தொற.”

பழசைத் திறந்தேன்.
அவள் தட்டத் தொடங்கினாள், ஒரு விரலால்,
ஒவ்வோர் எழுத்தையும் பூச்சி நசுக்குவதுபோல.

ஏழில் அந்த ஜன்னலை மூட மறந்திருந்தேன்.
ஐந்து நிமிடத்துக்கொரு தடவை
எல்லாத் திரைகளையும் படமெடுக்கும் நிரல்
எங்கள் கடையிலும் உண்டு, எல்லாக் கடையிலும் உண்டு.
மாதக் கடைசியில் குறுந்தட்டில் எழுதி
சாகுல் அண்ணன் அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வருவார்.

இந்த மாதத் தட்டில்,
பத்தொன்பதாம் தேதி, மாலை ஆறு ஐந்து,
ஆறு பத்து, ஆறு பதினைந்து,
மேசை ஏழு:
தொப்பிக்காரர்,
பக்கத்தில் அவர் கொடுத்த வாக்கு,
எழுத்துப் பிசகாமல்.